சிறியது வேறு, சிறுமை வேறு

அளவிற் சிறிய பொருள்கள் யாவும் அற்பமானவை அல்ல. திருமலை உண்டியலில் ஏழை இட்ட சில்லறைக் காசையும் பரகாமணியில் எண்ணியே கணக்கில் சேர்க்கிறார்கள். சிறுமை பொருளில் இல்லை. அதைப் பற்றி நிற்கும் மனத்தில் இருக்கிறது. இவ்வுண்மையைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வரலாறு நன்கு விளக்கும்.

தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடத்தை வட எல்லையாகக் கூறுகிறது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது சித்தூர். அவ்வாண்டு அது தனி மாவட்டமாயிற்று. தமிழும் தெலுங்கும் அங்கே அண்டை வீட்டாராக வாழ்ந்தன. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுவதும் அதில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் வடக்கெல்லைக்காகப் போராடினர். கிராமத்தை அலகாகவும், பெரும்பான்மையோர் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் கொண்டு படாஸ்கர் தீர்ப்புக் கூறினார். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன.

அவ்வழக்கை அற்பமென்று எவரும் கூறார். பிள்ளைகளின் பள்ளி, நீதிமன்றம், உத்தியோகம் ஆகிய யாவும் அதில் அடங்கியிருந்தன. இரு சாராரும் தத்தம் மொழியின்மீது கொண்ட அன்பினால் வாதாடினர். எல்லைக்கல் நட்ட பின்பு, அதே கல்லை நாவிலும் நட்டுக்கொள்வதுதான் சிறுமை.

புகைவண்டி நிலைய எழுத்தனாகிய நான் அதனைப் பலமுறை கண்டிருக்கிறேன். வண்டி எந்த மேடைக்கு வருமென்று ஒரு முதியவர் தமிழில் வினவுவார். இரு மொழியும் அறிந்த ஒருவர், தமிழே அறியாதவர் போல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேறொரு நாள், தெலுங்குப் பெண்மணி ஒருவருக்கு நம்மவர் ஒருவரே அவ்வாறு செய்வார். கேட்டவர்கள் வேங்கட மலையைக் கேட்கவில்லை. மேடை எண்ணைத்தான் கேட்டார்கள். விடை கூறுவதால் எம்மொழிக்கும் ஒரு குறையும் நேராது. கூறாமையால், மூட்டையுடன் நிற்கும் மனிதர் வண்டியைத் தவறவிடுவார்.

பிழைப்பை நாடி அயலூர் வந்த நம்மிடையேயும் இச்சிறுமை உண்டு. சித்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று சங்கக் கூட்டத்துக்கு வந்தால், அவர்கள் பேச்சில் கலந்த தெலுங்குச் சொல்லைக் கேட்டு நகைக்கிறோம். "நீங்கள் தமிழர்தானா?" என்று விளையாட்டாகக் கேட்கிறோம். தெலுங்குப் பள்ளியில் பயின்று, வீட்டில் மட்டும் தாய்மொழியைக் காத்து வந்தவர்களிடம் கேட்கத் தகும் கேள்வியா இது? பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளோ அன்றோடு நம் முன் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். எல்லைப் போரில் இழக்காத தமிழரை நாம் ஒரு நகைப்பில் இழக்கலாமா?

அன்பர்களே! அடுத்த கூட்டத்தில் அத்தகைய பிள்ளை ஒன்று பேச வந்தால், சொல்லைத் திருத்தாமல் முழுவதும் கேளுங்கள். பேசி முடித்ததும் அருகில் அமர்த்தி, ஊர்க்கதை கேளுங்கள். செய்கை சிறிதுதான், ஆயினும் அதில் சிறுமை இராது.