நச்சுப்பாசிப் பெருக்கமும் நாடுகளின் பொதுப் பதிவேடும்

கடல் நீர் எக்காலத்தும் ஒரே நிறமுடையதன்று. நேற்றுவரை நீலமாய் விளங்கிய நீர் இன்று செங்காவியாகவோ கரும்பச்சையாகவோ மாறித் தோன்றுதலைக் கரைவாழ் மக்கள் சிற்சில காலங்களில் காண்கின்றனர். இம்மாற்றத்தை விளைப்பன பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகளே. ஒரே உயிரணுவாலாகிய இவை சூரிய வெளிச்சத்தின் துணைகொண்டு தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்வன. சிறுமீன் முதல் திமிங்கிலம் ஈறாகக் கடலுயிர்களிற் பெரும்பாலன இவற்றையே நேராகவோ சுற்றுவழியாகவோ சார்ந்து பிழைக்கின்றன. ஆதலின் பாசி பெருகுதல் இயல்பாகத் தீமையன்று. கடலுக்கு அது விளைச்சற் காலமேயாகும்.

எனினும், ஆயிரக்கணக்கான வகைகளுள் ஒருசில தீங்கு பயப்பனவாக உள்ளன. அத்தீங்கு மூவகைப்படும். சில வகைகள் தம்முள் நஞ்சைத் தோற்றுவிக்கும். சிப்பியும் மட்டியும் நீரை வடித்து உண்ணும் இயல்பினவாதலால், அந்நஞ்சு அவற்றின் தசையிற் சேர்ந்து உண்போரைத் தாக்கும். வேறு சில, மீன்களின் செவுள்களைக் கெடுத்து அவற்றை மாய்க்கும். இன்னும் சில, தாம் நஞ்சற்றனவாயினும், பெருந்திரளாய் மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்துவிடும். இவற்றுள் முதல்வகையே மக்களுக்கு மிகக் கொடியது. ஏனெனில், நஞ்சேறிய சிப்பி தோற்றத்தாலும் சுவையாலும் வேறுபடுவதில்லை. அதனைச் சமைத்தலாலும் நஞ்சு நீங்குவதில்லை. நீரின் நிறம் மாறாதிருக்கும்போதும் நஞ்சு இருத்தல் கூடும்.

இத்தகைய நிகழ்ச்சிகளை எழுதி வைத்தல் புதிய வழக்கமன்று. 1793ஆம் ஆண்டில் ஜார்ஜ் வான்கூவர் என்னும் மாலுமித் தலைவர் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அளந்துவருங்கால், அவருடைய ஆட்கள் சிலர் காலையுணவாகச் சிப்பிகளை உண்டு நோயுற்றனர். அவருள் ஒருவர் அன்றே மாண்டார். வான்கூவர் அதனைத் தம் பயண நூலிற் குறித்துச் சென்றமையால், இரு நூற்றாண்டு கழிந்தபின்னும் அந்நிகழ்ச்சி எங்கே, எப்பொழுது நேர்ந்ததென நாம் அறிகின்றோம்.

எழுத்தின் பயனை இன்னும் தெளிவாகக் காட்டுவது 1987ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. கனடாவைச் சார்ந்த பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சிப்பிகளை உண்டோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், மூவர் இறந்தனர், பிழைத்தோருள் சிலர் நினைவாற்றலை இழந்தனர். அதற்குமுன் அறியப்பட்ட சிப்பி நஞ்சு எதுவும் இக்குறிகளோடு ஒத்திலது. ஹாலிபாக்ஸ் நகரத்து இரசாயன அறிஞர் இராப்பகலாய் உழைத்து, ஒரு வாரத்திற்குள் அது டொமோயிக் அமிலம் என்று கண்டனர். அவ்வமிலமோ, 1958இல் ஜப்பானிய அறிஞர் ஒருவகைச் செந்நிறக் கடற்பாசியினின்று பிரித்தெடுத்து வெளியிட்டிருந்த பொருளாகும். யாரோ எங்கோ எழுதிய குறிப்பு முப்பதாண்டுக்குப் பின் வேறொரு கடற்கரையில் உயிர்காக்க உதவிற்று என்க. அதன்பின், ஒரு கிலோகிராம் சிப்பித் தசையில் இவ்வமிலம் 20 மில்லிகிராமுக்கு மேற்படின் விற்பனைக்குரியதன்று என்னும் வரம்பு ஏற்பட்டது.

இவ்வாறு நாடுதோறும் சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒருங்கே திரட்டுதற்கென அமைந்ததே தீங்குசெய் பாசி நிகழ்ச்சிப் பதிவேடு. 'ஹேடாட்' என்பது அதன் சுருக்கப் பெயர். யுனெஸ்கோவைச் சார்ந்த அரசுகளிடைக் கடலாராய்ச்சிக் குழுவும், 1902இல் தோன்றிய சர்வதேசக் கடலாராய்ச்சி மன்றமும், வட பசிபிக் கடல் விஞ்ஞான நிறுவனமும் இதனை நடத்துவனவற்றுள் அடங்கும். சேர்ந்துள்ள நாடுகளின் கடற்கரை பல பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. அவ்வந்நாட்டுப் பதிவாளர், நிகழ்ச்சி நேர்ந்த பகுதி, நாள், காரணமான பாசியின் பெயர், ஒரு லிட்டர் நீரில் அதன் எண்ணிக்கை, நஞ்சின் அளவு, தாக்குண்ட உயிர்கள், நீரின் வெப்பமும் உப்பும் முதலியவற்றை அறிந்த அளவிற் பதிவு செய்கின்றார்.

இங்கு ஓர் ஐயம் எழலாம்: பாசி பெருகியபோதெல்லாம் அதனை நிகழ்ச்சி எனக் கொள்வதோ? அன்று. உணவில் நஞ்சு வரம்பு கடத்தல், நீர் நிறம் மாறி உயிர்களுக்கோ மக்கள் தொழிலுக்கோ கேடு விளைதல், முன்னெச்சரிக்கையாகச் சிப்பி எடுத்தலைத் தடுத்தல் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தாலன்றி அது இப்பதிவேட்டில் இடம்பெறாது. அளவுகோல் பாசியன்று, அதனால் நேரும் தீங்கே.

இனி, இப்பதிவேட்டைப் படிக்கும் முறையும் அறியத்தக்கது. ஆண்டுதோறும் பதிவுகள் மிகுந்துவரக் கண்டோர், உலகக் கடல்கள் அனைத்தும் நஞ்சாகி வருகின்றன என எண்ணினர். குஸ்டாஃப் ஹாலெக்ராஃப் முதலிய பல நாட்டு அறிஞர்கள், 1985 முதல் 2018 வரையுள்ள 9,503 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து, 2021இல் தம் முடிவை வெளியிட்டனர். சிப்பி வளர்ப்பும் மீன் வளர்ப்பும் பெருகப் பெருக, நீரைச் சோதிப்போரும் பெருகினர்; சோதிப்போர் பெருகவே பதிவுகளும் பெருகின. சோதனையின் மிகுதி குறைவுகளுக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தியபோது, உலகமெங்கும் ஒரே சீரான ஏற்றம் காணப்படவில்லை. சில கடல்களில் ஏற்றமும் சிலவற்றில் இறக்கமும் தோன்றின. ஆகவே ஒவ்வொரு கடலையும் ஒவ்வொரு பாசி வகையையும் தனித்தனியே நோக்கல் வேண்டும் என்பது அவர்தம் துணிபு.

இதனால் கடல் குற்றமற்றது என்று எவரும் அமைதல் கூடாது. பதிவேட்டில் வெற்றிடமாய் உள்ள கரை தூய்மையுடையதாகவும் இருக்கலாம். எவரும் பாராது விட்டதாகவும் இருக்கலாம். இவ்விரண்டும் வெற்றிடத்தில் ஒன்றுபோலவே தோன்றும். நம் தமிழ்நாட்டிலேயே, 1981இல் கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில் மட்டி உண்டோருள் மூவர் இறந்தனர். 85 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். அந்நாளில் மட்டி எடுத்தோர் நீரைப் பார்த்து ஆபத்தை அறிந்திருத்தல் இயலாது.

ஆதலின், கடலைச் சோதித்தலும், கண்டதை நாளும் இடமும் குறித்துப் பிறர்க்கும் பயன்படுமாறு எழுதி வைத்தலும் விஞ்ஞானம் பயில்வோர் கடமையாகும். சோதித்தும் தீங்கொன்றும் காணப்படாத நாளையும் மறவாது குறித்தல் வேண்டும். அக்குறிப்பும் இருந்தாலன்றி, தீங்கு பெருகியதோ பார்வை பெருகியதோ என்பதைப் பின்வருவோர் பிரித்தறிய இயலாது.