தண்ணீரில் முக்கினாலும் நனையாத பெரணி

மெய்டன்ஹேர் பெரணியின் இலைக்கொத்து ஒன்றை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் போதும், அதன் அறிவியல் பெயர் வந்த கதை விளங்கிவிடும். பச்சைச் சிற்றிலைகள் தண்ணீருக்கடியில் வெள்ளிபோல் மின்னும். இலைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப்படலம் செய்கிற வேலை அது. வெளியே எடுத்து ஓர் உதறு உதறினால் துளிகள் முத்து முத்தாக உருண்டோடும். இலை முன்போலவே காய்ந்திருக்கும்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியவர் கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ். அரிஸ்டாட்டிலின் மாணவர். தண்ணீர் விட்டாலும் இந்த இலை நனையாது, பனித்துளிகூட அதில் தங்காது, பெயரே அதனால் வந்ததுதான் என்கிறார். கிரேக்கத்தில் ‘அடியான்டோஸ்’ என்றால் நனையாதது. கார்ல் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட தாவர நூலில் இந்தப் பேரினத்துக்கு ‘அடியான்டம்’ என்ற பெயரையே நிலைநிறுத்தினார். இன்று இதில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு.

அவற்றுள் புகழ்பெற்றது அடியான்டம் கப்பில்லஸ்-வெனெரிஸ். லத்தீனில் ‘வீனஸின் கூந்தல்’. காம்பைப் பார்த்தால் காரணம் தெரியும்: எண்ணெய் தேய்த்த முடிபோல் கறுத்து, மெலிந்து, பளபளக்கும். முடி உதிர்ந்தால் இந்தச் செடியை எண்ணெயில் நசுக்கித் தேய்க்கலாம் என்று தியோஃபிராஸ்டஸும் குறித்திருக்கிறார். முடியைப் போன்ற செடி முடிக்கு மருந்தாகும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் வெகுகாலம் நீடித்தது. பிரான்சில் இதைக் காய்ச்சி இருமலுக்குப் பாகு செய்தார்கள். யுனானி வைத்தியத்தில் இதற்குப் ‘பர்சியாவுஷான்’ என்று பெயர்.

சிற்றிலையைத் திருப்பினால் இன்னொரு அழகு. இலையின் ஓரம் அங்கங்கே உள்பக்கமாகச் சின்னச் சின்னதாக மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள்தான் வித்துத்தூள் பைகள் இருக்கின்றன. பூவும் காயும் இல்லாத இந்தச் செடி, அந்தத் தூளைக் காற்றில் விட்டே பரவுகிறது.

இலைமேல் தண்ணீர் ஒட்டாது. ஆனால் ஈரமில்லாமல் இந்தச் செடி பிழைக்காது. அயர்லாந்தின் பர்ரன் பகுதியில் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளிலும், அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் ஊற்று கசியும் பாறைச் சுவர்களிலும் தொங்குவது இதே வீனஸின் கூந்தல்தான். நம் ஊர்ப் பழங்கிணறுகளின் உட்சுவரில், கல் இடுக்கிலிருந்து எட்டிப்பார்க்கும் அடியான்டம் வகைகளையும் காணலாம்.

தொட்டியில் வளர்ப்பவர்களைக் கலங்கடிப்பதும் இந்த ஈரத்தேவைதான். ஓரிரு நாள் மண் காய்ந்தாலே இலைகள் சுருண்டு சருகாகிவிடும். உடனே செடியைத் தூக்கி எறியத் தேவையில்லை. கருகிய தண்டுகளை அடியோடு வெட்டிவிட்டு, நேரடி வெயில் படாத இடத்தில் வைத்து, மண்ணை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். மண்ணுக்குள் கிழங்குத்தண்டு உயிரோடு இருந்தால், சில வாரங்களில் சுருள் சுருளாகப் புதுத் தளிர் கிளம்பும்.