வெட்டுப்புள்ளியைச் சரியாக வாசிப்போம்

கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் வீடுகள் தோறும் எழும் கேள்வி ஒன்றே: "பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைக்குமா?" சித்தியடைவோருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடமுள்ள நிலையில், இக்கேள்விக்கு அயலவரின் ஊகங்களையும் வதந்திகளையும் நம்பி விடை தேடுவது ஆபத்தானது.

தெரிவுக்கு அடிப்படையாக அமைவது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்து அது பெறப்படுகிறது. சராசரி 60 ஆகவும் நியம விலகல் 10 ஆகவும் உள்ள பாடத்தில் 70 பெற்றவரின் இசட் புள்ளி 1. சராசரி 40 ஆகவும் நியம விலகல் 10 ஆகவும் உள்ள கடினமான பாடத்தில் 60 பெற்றவருக்கோ அது 2. மூன்று பாடங்களினதும் சராசரியே இறுதிப் புள்ளியாகும். எனவே, 'மூன்று ஏ' பெற்றவர்கள் அனைவரும் சமநிலையில் இருப்பதாகக் கருதுவது தவறு.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மக்கள் தொகைக்கேற்ப மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. கலைப்பிரிவில் அகில இலங்கைத் திறமையே அளவுகோல். பிறந்த ஊரன்றி, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பயின்ற பாடசாலையின் அமைவிடமே மாவட்டத்தைத் தீர்மானிக்கிறது. இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்கள் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம்.

பெற்றோர் பலர் கடந்த ஆண்டின் வெட்டுப்புள்ளியை உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்கின்றனர். அது முடிந்துபோன ஒரு போட்டியின் பதிவு மட்டுமே. 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மன்னார் மாவட்டத்தின் மக்கள் தொகை நாட்டின் மொத்தத்தில் அரை வீதமளவே. 1000 இடங்களுள்ள ஒரு கற்கைநெறியில் மாவட்டப் பங்கான 550 இல் இத்தகைய மாவட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று இடங்களே கிட்டும். அங்கு ஓரிரு திறமைசாலிகள் கூடினாலும் குறைந்தாலும் வெட்டுப்புள்ளி பெரிதும் மாறிவிடும். ஆகவே ஓராண்டை மட்டும் பாராது, தமது மாவட்டத்தின் மூன்று, நான்கு ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை ஒப்பிட்டு நோக்குவதே அறிவுடைமை.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை இடுவதிலும் அநாவசிய அச்சம் நிலவுகிறது. தகுதி பெறும் விருப்பங்களுள் மேலே உள்ளதே மாணவருக்கு வழங்கப்படும். எட்டாதோ என்று ஐயுறும் கற்கைநெறியை முதலில் இடுவதால் இரண்டாவது விருப்பத்துக்கான வாய்ப்பு குறைவதில்லை. மாறாக, அஞ்சி அதனைக் கீழே இட்டால், கிடைக்கக்கூடியதையும் இழக்க நேரிடும். உளச்சார்புப் பரீட்சையோ செயன்முறைப் பரீட்சையோ கோரும் கற்கைநெறிகளுக்குரிய அறிவித்தல்களையும் தவறவிடலாகாது.

1970களின் தரப்படுத்தல் எமது சமூகத்தில் ஏற்படுத்திய காயம் இன்னும் மறக்கப்படவில்லை. 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களின் புள்ளிகள் கணிக்கப்பட்ட முறை உயர் நீதிமன்றம் வரை சென்று, 2012 இல் மீளக் கணிக்கப்பட நேர்ந்தது. முறைமையைக் கேள்வி கேட்கும் உரிமை எமக்குண்டு. ஆனால் அதனை அறிந்துகொள்ளாமல் கேள்வி கேட்பதால் எமது பிள்ளைகளுக்குப் பயனேதும் விளையாது.

உயர்தர வகுப்பு ஆசிரியர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைத் தம் மாணவருடன் அமர்ந்து வாசிக்க வேண்டும். பாடசாலைகளும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் விண்ணப்பக் காலத்தில் வழிகாட்டல் கருத்தரங்குகளை நடத்த முன்வர வேண்டும். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட பிள்ளை தோற்றுப்போன பிள்ளையல்ல. இடங்கள் குறைவு என்பதே உண்மை. அதனைப் பெற்றோர் முதலில் உணர்ந்தால், அப்பிள்ளைக்கு அடுத்த வழியை நிதானமாகக் காட்ட முடியும்.