மீண்டு வந்த துப்பறிவாளரும் மீளாத காலமும்

பழைய தொடர்களுக்குப் புத்துயிர் அளிப்பது அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையில் வழமையாகிவிட்டது. புதிய பெயரொன்றை மக்கள் மனதில் பதிய வைப்பதிலும் பார்க்க, ஏற்கெனவே பதிந்துள்ள பெயரைப் பயன்படுத்துவது இலகுவானது என்பதே இதற்குக் காரணமாகும். 1968 முதல் 1980 வரை ஒளிபரப்பான 'ஹவாய் ஃபைவ்-ஓ' 2010இல் புதிய நடிகர்களுடன் திரும்பி வந்து பத்து ஆண்டுகள் நீடித்தது. பழைய முகப்பிசை பேணப்பட்டது. இடையே கழிந்த முப்பது ஆண்டுகள் கதையில் இடம்பெறவில்லை.

'டுவின் பீக்ஸ்' தேர்ந்தெடுத்த வழி வேறானது. டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ரொஸ்ற் ஆகிய இருவரும் உருவாக்கிய இத்தொடர் 1990 ஏப்ரலில் ஏ.பி.சி. அலைவரிசையில் ஆரம்பமானது. லோரா பாமர் என்ற மாணவியைக் கொன்றவர் யார் என்பதே அன்று எங்கும் எழுந்த கேள்வியாக இருந்தது. அலைவரிசையின் நெருக்குதலால் இரண்டாம் பருவத்தின் நடுவே, தந்தையே கொலையாளி என்பது வெளிப்படுத்தப்பட்டது. விடை கிடைத்ததும் பார்வையாளர்கள் விலகினர். 1991இல் தொடர் நிறுத்தப்பட்டது. இறுதி அத்தியாயத்தில் லோரா, 25 ஆண்டுகளின் பின்னர் மீண்டும் சந்திப்பதாகத் துப்பறிவாளர் கூப்பரிடம் கூறியிருந்தாள்.

2017 மே மாதம் ஷோரைம் அலைவரிசையில் அது உண்மையாயிற்று. பதினெட்டுப் பகுதிகளையும் லிஞ்ச்சே இயக்கினார். கூப்பராகக் கைல் மக்லொக்லனே மீண்டும் நடித்தார். பழைய நடிகர்களின் முதுமை மறைக்கப்படவில்லை. கடும் நோயுற்றிருந்த கதரின் கூல்சன், மரணத்தை எதிர்நோக்கும் பாத்திரமாகவே தோன்றினார். 2015இல் அவர் காலமான பின்னரே அக்காட்சிகள் ஒளிபரப்பாகின.

நிறைவுப் பகுதிகளில் கூப்பர் கடந்த காலத்துக்கே சென்று கொலையைத் தடுக்க முனைகிறார். பின்னர் லோராவின் சாயலுடைய ஒரு பெண்ணை அவளது பழைய வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். அங்கு வசிப்பவருக்குப் பாமர் குடும்பத்தைத் தெரியாது. இது எந்த ஆண்டு என்று அவர் திகைத்து வினவ, அப்பெண்ணின் அலறலுடன் கதை முடிவடைகிறது.

துப்பறியும் கதைகள் பொதுவாக ஓர் ஆறுதலை வழங்குகின்றன: குற்றவாளி பிடிபட்டால் உலகம் சீராகிவிடும். உண்மையைக் கண்டறிதல் அவசியமே. ஆயினும் அது இழந்த உயிரையோ கழிந்த காலத்தையோ திருப்பித் தருவதில்லை. ரசிகர்கள் விரும்பிய பழைய இனிமையை வழங்காது இதனை எடுத்துரைத்தமையே அம்மீள்வருகையின் பெறுமதியாகும். 2025 ஜனவரியில் லிஞ்ச் காலமானார். பழைய பெயர்களைத் தூசி தட்டி விற்க முனைவோர் அவரது துணிவையும் கற்றுக்கொள்வது நல்லது.