உஷார்! காம்பராவுக்குள் கரிச்சட்டி வேண்டாம்

ஜனவரி தொடங்கி மார்ச் வரை திம்புள்ளத் தேயிலைக்கு மணம் கூடும் காலம். பகலில் வறண்ட காற்று, இரவில் எலும்பைத் துளைக்கும் குளிர். இந்தக் குளிருக்குப் பயந்துதான் லயக் காம்பராவுக்குள் தணல் சட்டியும், சுற்றுலா விடுதி அறைக்குள் பார்பிகியூ அடுப்பும் வருகின்றன. கதவைச் சாத்தி, யன்னல் இடுக்கில் துணியைச் செருகி, தணலைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். தயவுசெய்து இன்றிரவே இதை நிறுத்துங்கள்!

"புகை இல்லையே, வெறும் தணல்தானே" என்ற நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. கரித் தணலிலிருந்து காபனோரொட்சைட்டு வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், கைகால் சோர்வு என்று விழித்திருப்பவருக்கு உடம்பே எச்சரிக்கை கொடுக்கும். தூங்குபவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலையில், இதேபோல் விடுதி அறைக்குள் காஸ் ஹீட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கிய கேரளத்தவர் 8 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள்.

நம் ஊர் தேயிலை ஸ்டோரைப் பாருங்கள். தூள் காயும் ட்ரையருக்கு விறகுதான் எரிகிறது. ஆனால் அடுப்பின் புகை தூளைத் தொடுவதில்லை. நெருப்பு இரும்புக் குழாய்களைச் சூடாக்கும். அந்தச் சூட்டை வாங்கிய சுத்தமான காற்றுதான் தூளுக்குப் போகும். புகை புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். தேயிலையில் புகைவாடை ஏறினால் விலை விழுமே என்று அவ்வளவு கவனம்! நம் பிள்ளைகளின் மூச்சுக்கு அந்தக் கவனம் வேண்டாமா?

குளிர் நாட்டு வீடுகளிலும் இதே முறைதான். கொதிகலன் ஒதுக்குப்புறமாக இருக்கும், சுடுநீர் குழாய் வழியே அறை அறையாக ஓடும். விடுதி கட்டுபவர்கள் இந்த முறைக்கே போங்கள். முதலில் தகரக் கூரைக்குக் கீழே சீலிங் அடித்துச் சூடு வெளியே போகாமல் தடுங்கள். பிறகு சிறிய கொதிகலனே போதும். அதைப் புகைபோக்கியோடு வெளிக் கொட்டகையில் வையுங்கள். அழுத்தம் கூடினால் தானாகத் திறக்கும் பாதுகாப்பு வால்வு இல்லாமல் பொருத்தவே கூடாது.

லயத்திலும் நெருப்பை வெளியே வைத்துச் சூட்டை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். மிலாறு எரித்து வெளி அடுப்பில் வெந்நீர் வையுங்கள். ரப்பர் பையில் ஊற்றி, துணி சுற்றிப் படுக்கையைச் சூடாக்குங்கள். 2 லீற்றர் நீர் 60 பாகையிலிருந்து 35 பாகைக்கு ஆறும்போது, 60 வாட் குண்டு பல்பு ஒரு மணி நேரத்தில் தரும் சூட்டை ஏறக்குறையத் தந்துவிடும். கைக்குழந்தையைப் படுக்க வைக்குமுன் பையை எடுத்துவிடுங்கள், தோல் வெந்துவிடும்.

தணல் வைத்த அறையில் யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு யன்னலைத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தெளிந்துவிட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டியே ஆகவேண்டும்.

நெருப்பு வெளியே இருக்கட்டும், சூடு மட்டும் உள்ளே வரட்டும். பக்கத்துக் காம்பராவுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்.