ப்ராஜெக்ட் மேனேஜரா, ப்ராடக்ட் மேனேஜரா?

உலகின் எந்த மூலையிலிருந்தும் பேசலாம் என்ற வாக்குறுதியோடு 1998 நவம்பரில் இரிடியம் தொலைபேசிச் சேவை தொடங்கியது. மோட்டோரோலா பொறியாளர்கள் 1987இல் போட்ட திட்டம் அது. செலவு சுமார் 500 கோடி டாலர். முதல் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டது 1997 மே மாதம். அமெரிக்கா, ரஷ்யா, சீனா என மூன்று நாட்டு ராக்கெட்டுகளையும் பயன்படுத்தி, ஒன்றரை ஆண்டுக்குள் 66 செயற்கைக்கோள்களின் வலைப்பின்னலை இயங்க வைத்தார்கள். வேலையை முடித்துக் காட்டுவதில் அது பெரும் சாதனை.

ஒன்பதே மாதத்தில், 1999 ஆகஸ்டில், நிறுவனம் திவால் மனு போட்டது.

கைபேசியின் விலை ஏறக்குறைய 3,000 டாலர். சட்டைப்பையில் அடங்காத பருமன். கட்டடத்துக்குள் சிக்னல் கிடைக்காது. நாடு நாடாகப் பறக்கும் வணிக அதிகாரிகள் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த அதிகாரிகள் போகிற நகரங்களிலெல்லாம் சாதாரண செல்போன் வந்துவிட்டது. பின்னர் வெறும் 2.5 கோடி டாலருக்குக் கைமாறிய அதே செயற்கைக்கோள்கள், கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் ராணுவத்துக்கும் சேவை தந்து பிழைத்துக்கொண்டன. வானில் எதுவும் மாறவில்லை. வாடிக்கையாளர்தான் மாறினார்.

எப்போது, எவ்வளவு செலவில், யாரைக் கொண்டு முடிப்பது என்பது ப்ராஜெக்ட் மேனேஜரின் கவலை. பொருளை ஒப்படைத்ததும் அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். எதைச் செய்வது, யாருக்காக, இன்னமும் அது தேவையா என்ற, இரிடியம் கோட்டைவிட்ட கேள்விகள் ப்ராடக்ட் மேனேஜரின் கவலை. பொருள் சந்தையில் இருக்கும்வரை அது தீராது. இந்தப் பொறுப்பின் வேர் சோப்பு வியாபாரத்தில் இருக்கிறது. 1931இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்த நீல் மெக்கெல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் முழுப் பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்று கேட்டு மூன்று பக்கக் குறிப்பு எழுதினார். அதே நிறுவனத்தின் ஐவரி சோப்பு கேமேயை அமுக்கிக்கொண்டிருந்த காலம் அது.

சென்னையின் ஐடி சேவை நிறுவனங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வாடிக்கையாளரே சொல்லிவிடுவார். அங்கே ப்ராஜெக்ட் மேனேஜர் தேவைப்பட்டதில் வியப்பில்லை. ஜோஹோ போலச் சொந்த மென்பொருள் விற்கும் இடத்தில் அப்படிச் சொல்லித்தர யாரும் இல்லை; தேவையை நிறுவனமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சேவையிலிருந்து சொந்தத் தயாரிப்புக்கு மாறும் சிறு நிறுவனங்கள் சறுக்குவது இங்கேதான். கையிலிருக்கும் ப்ராஜெக்ட் மேனேஜருக்குப் பதவிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பது அவருக்கும் பொருளுக்கும் செய்யும் அநியாயம். கெடுவுக்குள் முடிப்பவர் என்று பாராட்டு வாங்கியவரை, பாதி முடிந்த வேலையை நிறுத்தச் சொல்லும் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள்.

ஒருவருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும் என்றால்? தொடக்க காலத்தில் நிறுவனரே வாடிக்கையாளரிடம் தினமும் பேசுகிறார், எதைச் செய்வது என்பதில் தெளிவாக இருக்கிறார், ஆனால் சொன்ன தேதியில் எதுவும் முடிவதில்லை என்றால் ப்ராஜெக்ட் மேனேஜரை எடுக்கலாம். எல்லாம் தேதிப்படி வெளியாகியும் யாரும் பயன்படுத்தவில்லை என்றால், இன்னொரு ப்ராஜெக்ட் மேனேஜரால் பயனில்லை; ப்ராடக்ட் மேனேஜர்தான் வேண்டும். அந்த இடத்துக்கு வருபவரிடம், முன்பு எந்த வேலையைக் கைவிடச் சொன்னார், எந்த ஆதாரத்தைக் காட்டிச் சொன்னார் என்று நேர்காணலிலேயே விரிவாகக் கேட்டுவிடுவது நல்லது.