மினமாட்டாவின் அடிச்சேறு

ஆலைக் கழிவைக் கடல் கரைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் கடலின் மேல்மட்டத்தை மட்டுமே பார்க்கிறார்கள். பாதரசம் போன்ற உலோகங்கள் வண்டலின் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் நடந்தது அதுதான்.

அங்கே சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலை 1932 முதல் அசெட்டால்டிஹைடு தயாரித்தது. அதற்கு வினையூக்கி பாதரசம். அதில் ஒரு பகுதி மீத்தைல் பாதரசமாக மாறிக் கழிவுநீரோடு விரிகுடாவில் இறங்கியது. சேற்றில் வாழும் மட்டி, நண்டுகளின் உடலில் சேர்ந்தது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, நஞ்சும் கூடிக்கொண்டே போனது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து சுழன்று விழுந்தன. அடுத்து மனிதர்கள். காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுவதாக 1956 மே 1 அன்று சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தது அந்த ஆலையின் மருத்துவமனையேதான்.

அதன் பிறகு ஆலை செய்ததை மன்னிக்கவே முடியாது. 1958-ல் கழிவை நிறுத்தாமல், வெளியேற்றும் இடத்தை மட்டும் மினமாட்டா ஆற்று முகத்துவாரத்துக்கு மாற்றியது. அதனால் விரிகுடாவுக்கு வெளியே, ஷிரானுய் கடலோரத்தின் மற்ற ஊர்களுக்கும் நோய் பரவியது. 1959-ல் ஆலை மருத்துவர் ஹாஜிமே ஹொசோகாவா, கழிவு கலந்த உணவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதே நோய் வந்தது. நிர்வாகம் அந்த முடிவை அமுக்கிவிட்டது. அசெட்டால்டிஹைடு உற்பத்தி நின்றது 1968-ல்தான்.

கழிவு நின்றாலும் சேறு அப்படியே கிடந்தது. கழிவுநீர் வாய்க்காலின் வாயருகே ஒரு டன் சேற்றில் 2 கிலோ வரை பாதரசம் இருந்தது. சுரங்கம் வைத்தே தோண்டலாம்! நஞ்சேறிய மீன் வெளியே போகாதிருக்க 1974-ல் விரிகுடா வாயில் வலை கட்டினார்கள். ஆனால் கப்பல் போகும் வழியை வலையால் எப்படி அடைப்பது?

1977-ல் தூர்வாரத் தொடங்கினார்கள். சேற்றைக் கலக்கினால் பாதரசம் மறுபடி நீரில் ஏறும் என்பதால், உறிஞ்சு குழாய் வைத்து மெதுவாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வேலை முடிய 1990 ஆயிற்று. 25 பிபிஎம்முக்கு (டன்னுக்கு 25 கிராம்) மேல் பாதரசம் கொண்ட சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு. செலவு ஏறத்தாழ 4,850 கோடி யென். மீன் பாதுகாப்பானது என்று அறிவித்து வலையை அகற்றியது 1997-ல்.

அள்ளிய சேற்றைக் கொட்டி, மேலே நல்ல மண் பரப்பி உருவாக்கிய 58 ஹெக்டேர் நிலத்தில் இப்போது பூங்கா இருக்கிறது. பாதரசத்தை யாரும் அழிக்கவில்லை. அது இன்றும் அந்தப் பூங்காவின் அடியில்தான் இருக்கிறது.